முட்டி நைந்த சிலுவாரும் ஒரு பழைய கைலியும்

பள்ளி விட்டு வந்த பிள்ளையின் நீலச் சிலுவாரை (கால்சட்டையை) எடுத்து, முட்டி படும் இடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். ஓட்டை இன்னும் விழுந்திருக்காது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் வெளிச்சத்தைக் கூடுதலாக விடும். தொட்டால் மெத்தென்று இருக்கும். மேல் இழைகள் தேய்ந்து பஞ்சு கிளம்பியிருக்கும். தைக்க வேண்டிய நாள் அன்றைக்குத்தான். குந்தி எழும்போது 'டர்' என்று சத்தம் கேட்ட பிறகு ஊசியைத் தேடினால் வேலை மூன்று மடங்காகிவிடும்.

ஓட்டை எப்போதும் கடைசியாகத்தான் வருகிறது. அதற்குப் பல நாள் முன்பே சுற்றியுள்ள துணி நைந்து முடிந்திருக்கும். இது தெரியாமல் ஓட்டையின் அளவைப் பார்த்து ஒட்டு வெட்டினால், தையல் முழுவதும் அந்த நைந்த துணியிலேயே விழும். ஊசித் துளைகள் வரிசையாக விழுந்த நைந்த துணி, அஞ்சல் தலைத் தாளில் துளை போட்டது மாதிரி. பிள்ளை முதல் தடவை மண்டியிட்டதுமே ஒட்டின் ஓரத்தோடு அப்படியே கிழிந்து வரும். 'நல்லாத்தான் தச்சேன், நிக்கல' என்று சலித்துக்கொள்ளும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நடந்தது இதுதான். தையலில் குறையில்லை, ஒட்டு சிறியது. நைந்த இடம் எங்கே முடிந்து நல்ல துணி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவி, சாக்கட்டியால் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டின் ஓரம் வரட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

மண், முள், கித்தாப் பால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் வளரும் பிள்ளைகளின் துணி கிழிவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது செம்மண். ஈரமாக இருக்கும்போதே தேய்த்துத் துவைக்கிறோம். அப்போது மண் இழைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு பிள்ளை மண்டியிடும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் மண்துகள் உப்புத்தாள் போல இழையை அறுக்கிறது. சேற்றோடு வந்த துணியை நிழலில் காயவிட்டு, உதறி, பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்துவிட்டு, அப்புறம்தான் தண்ணீரில் போட வேண்டும். வெளுப்புத் தண்ணீர் ஊற்றினால் செம்மண் போகும் என்று நம்ப வேண்டாம். அந்தச் சிவப்பு இரும்பு தருகிற நிறம்; குளோரின் அதைப் போக்காது. போதாக்குறைக்குப் பருத்தியைப் பலவீனமாக்கி, எலாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

இரண்டாவது செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையின் முள். இது போடும் கிழிசல் பெரும்பாலும் மூலை மாதிரி இருக்கும்: நெடுக்கே கொஞ்சம், குறுக்கே கொஞ்சம். இரண்டு விளிம்பையும் இழுத்துச் சேர்த்து மடித்துத் தைத்தால் அந்த இடம் சுருங்கி மேடு கட்டும். மூலையில் மறுபடி பிய்த்துக்கொள்ளும். விளிம்புகளை ஒன்றோடொன்று தொடும்படி தட்டையாக வைத்து, அடியில் ஒரு துண்டு கொடுத்து, கிழிசலைக் குறுக்கே கடந்து கடந்து நூலோட்ட வேண்டும். மூலையில் மட்டும் வரிசைகள் நெருக்கமாக, இரண்டு திசையிலும் போகட்டும்.

மலாயில் கெமுஞ்சுப் என்று சொல்லும் ஒட்டுப்புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் விதை நுனியில் பின்னோக்கிய முள் இருக்கிறது. வந்த வழியே பிடுங்கினால் துணியின் இழையையும் சேர்த்து இழுத்துவரும். துணியை உட்புறம் திருப்பி, விதை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கமாகவே உருவி எடுங்கள். பனியன் துணியில் இது மிக முக்கியம்.

கித்தாப் பால், அதாவது ரப்பர் மரத்துப் பால் பட்டால், காய்வதற்குள் பச்சைத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும். வினிகரோ எலுமிச்சையோ கிட்டே கொண்டுபோகக் கூடாது. தோட்டத்தில் பாலை உறைய வைப்பதே அமிலத்தால்தான். அதே வேலை சட்டையிலும் நடந்துவிடும். காய்ந்து பழுப்பேறிய கறை போகாது. அதை மறைக்க அழகான வழிகள் இருக்கின்றன, பின்னால் வருகிறது.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். தையலுக்கும் கசக்குவதுதான் முதல் வேலை. வியர்வையும் மண்ணும் ஊறிய துணியில் ஊசி திக்கும், நூல் முறுக்கிக்கொள்ளும். துவைத்து, முழுசாகக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு உட்காருங்கள்.

கைலியைப் போல ஒட்டுத்துணி இல்லை

ஒட்டுக்குப் புதுத்துணி வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் இரண்டாவது தவறு. புதுப் பருத்தி முதல் சில துவைப்பில் சுருங்கும். சட்டை ஏற்கெனவே சுருங்கி முடித்தது. ஆகவே நாலாவது துவைப்பில் ஒட்டு மட்டும் இழுத்துக்கொண்டு, சுற்றியுள்ள துணியைக் கொசுவமாக்கிவிடும். அதோடு புதுத்துணி விறைப்பு. விறைப்பான ஒட்டும் மெல்லிய துணியும் சேரும் கோட்டில் துணி மடங்கி மடங்கி அங்கேயே அறுந்துபோகும்.

தாத்தாவின் பழைய பருத்திக் கைலி இந்த இரண்டு குறையும் இல்லாதது. நூறு முறை துவைத்த துணி இனிச் சுருங்காது, முட்டியில் உறுத்தாது. இன்னொரு வசதியும் அதில் இருக்கிறது. கட்டம் போட்ட கைலியில் கோடுகளே இழைகள். நெடுக்கு இழை எது, குறுக்கு இழை எது என்று தேட வேண்டியதில்லை. கோட்டோடு கத்தரியை ஓட்டினால் ஒட்டு நேர் இழையில் வந்துவிடும். சிலுவாரின் நெடுக்கு இழையும் ஒட்டின் நெடுக்கு இழையும் ஒரே திசையில் நின்றால் இரண்டும் சேர்ந்து இழுபடும், சேர்ந்து தளரும். கோணலாக வெட்டிய ஒட்டு ஒரு பக்கம் நீண்டு பை மாதிரி தொங்கும். கைலியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு, இடுப்பில் செருகும் மேல்பக்கத்தில் வெட்டுங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது இதற்கும் பொருந்தும்.

இப்போது கைலி, சட்டை எல்லாவற்றிலும் பாலியெஸ்டர் கலந்து வருகிறது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாக நிற்கும். இது எதற்கு என்றால் இஸ்திரிப்பெட்டியின் சூட்டுக்காக. பள்ளி விளையாட்டு உடையின் நீளக்கால் சிலுவாரில் பருத்திச் சூடு வைத்தால் துணி பளபளவென்று உருகிப்போகும். அதை மீட்க வழியே இல்லை.

நூலைப் பொறுத்தவரை, கெட்டியான நூல் நல்ல நூல் என்பது தவறான கணக்கு. நைலான் நூலோ தூண்டில் நரம்போ போட்டுத் தைத்தால் தையல் அறுகாது, துணி அறுந்துவிடும். ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை வந்தால் நூல் விட்டுக்கொடுக்கட்டும். தையலை மறுபடி போடலாம், துணியைப் போட முடியாது. சாதாரணத் தையல் நூலே போதும். வெளியே தெரியும் அலங்காரத் தையலுக்கு, 6 பிரியாக வரும் பூத்தையல் நூலில் 2 பிரியை மட்டும் பிரித்தெடுத்துக் கோக்கலாம். ஒரு தடவைக்கு 45 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழம். அதற்கு மேல் நீண்டால் நூல் சிக்கும், உராய்ந்து பஞ்சாகும். மெழுகுவத்தித் துண்டில் ஒரு முறை இழுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முட்டிக்கு உள்ளொட்டு

பள்ளிச் சிலுவாரில் ஒட்டு வெளியே தெரியக் கூடாது. பிள்ளை வகுப்பில் கூனிக்குறுக நேரும் எந்தத் தையலும் நல்ல தையல் ஆகாது. ஆகவே ஒட்டு உள்பக்கம், நூல் அதே நீலம்.

ஒட்டின் இடத்தைக் குறிக்க, சிலுவாரைப் போட்டுவிட்டு பிள்ளையை மண்டியிடச் சொல்லுங்கள். நின்ற நிலையில் குறித்தால் தப்பாகிவிடும். முட்டி மடங்கும்போது துணி மேலே ஏறுகிறது. தரையில் தேய்வது, நிற்கும்போது முட்டிக்குக் கீழே 2, 3 சென்டிமீட்டரில் தொங்கும் பகுதி. கடையில் ஒட்டு வைத்தே வரும் சிலுவார்களிலும் ஒட்டுக்குக் கீழே ஓட்டை விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த சிக்கல், குழல் போன்ற காலுக்குள் கை போகாது என்பது. மல்லுக்கட்ட வேண்டாம். காலின் இரண்டு பக்கத் தையலில் எது ஒற்றைத் தையலோ அதை முட்டிக்கு மேலே 12 சென்டிமீட்டர், கீழே 12 சென்டிமீட்டர் பிரித்துவிடுங்கள். இரட்டைத் தையல் போட்ட பக்கத்தைத் தொடாதீர்கள், திரும்ப மூடுவது பெரும்பாடு. பிரித்ததும் துணி மேசைமேல் தட்டையாக விரியும். பத்து நிமிடம் பிரிப்பதற்குச் சோம்பினால் ஒரு மணி நேரம் குழலுக்குள் போராட வேண்டியிருக்கும். முடிவில் முன்கால் துணியையும் பின்கால் துணியையும் சேர்த்துத் தைத்திருப்போம்.

ஒட்டின் நான்கு மூலையையும் வளைவாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். உள்பக்கம் வைப்பதால் ஒட்டின் ஓரத்தை மடிக்க வேண்டாம். மடித்தால் அந்த மேடு உள்ளே தோலையும் வெளியே துணியையும் தேய்க்கும். ஓரம் பிரியாமலிருக்க மெஷினில் ஜிக்ஜாக் ஓட்டலாம். வீட்டில் இருப்பது பழைய கால்மிதி மெஷின் என்றால் அதில் நேர்த்தையல்தான் வரும். கையால் தளர்வாகச் சுற்றித் தைத்தாலே போதும். ஒட்டை இடத்தில் வைத்து, பெரிய பெரிய கச்சாத் தையலில் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பிடியுங்கள். குண்டூசியை மட்டும் நம்பினால் ஒட்டு நகரும்.

இனி நிஜத் தையல். துணியின் நல்ல பக்கத்திலிருந்து, நெடுக்கு இழையோடு, 6 அல்லது 7 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: எல்லா வரிசையும் ஒரே கோட்டில் முடியக் கூடாது. ஒன்று ஒரு சென்டிமீட்டர் நீளம், அடுத்தது குட்டை, அடுத்தது நடுத்தரம் என்று முனைகள் ஏறி இறங்கட்டும். ஒரே கோட்டில் முடிந்தால் இழுப்பு முழுவதும் அந்தக் கோட்டில் விழுந்து, அங்கே புதுக் கிழிசல் தொடங்கும். முனைகள் சிதறினால் இழுப்பும் சிதறும். ஒவ்வொரு வரிசையின் திருப்பத்திலும் நூலை இறுக்காமல் மிளகு அளவு தளர்வு விடுங்கள். பருத்தி நூல் துவைக்கும்போது கொஞ்சம் சுருங்கும். தளர்வில்லாவிட்டால் முட்டி சுருக்கம் கட்டிவிடும்.

கச்சாத் தையலை உருவி, பிரித்த பக்கத் தையலை மூடி, ஈரத்துணி மேலே போட்டு இஸ்திரியை அழுத்தினால், ஒரு கை தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. புதுச் சிலுவார் வாங்கிய அன்றே, முதல் முறை உடுத்துமுன் இதைச் செய்துவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

கடையில் விற்கும், இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஒட்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். அவசரத்துக்கு உதவும். பெட்டியை நகர்த்தாமல் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஆறும்வரை தொடக் கூடாது. ஆனாலும் பசை மட்டும் நிலைக்காது. ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசை தையல் போட்டால்தான் மாதக்கணக்கில் நிற்கும்.

வீட்டுத் துணியில் வெளியே தெரியட்டும்

வீட்டில் போடும் துணி, திடலுக்குப் போகும் துணி, டியூஷன் துணி எல்லாம் வேறு கணக்கு. இங்கே ஒட்டை மறைக்கத் தேவையில்லை. வங்காளத்துக் காந்தாவும் ஜப்பானின் சாஷிகோவும் இதே எளிய ஓட்டுத் தையலில் எழுந்தவை: பழைய துணியை அடுக்கி, வரிசை வரிசையாக நூலோட்டிப் பலம் ஏற்றியபோது அந்த வரிசைகளே அழகாகிவிட்டன. நீல ஜீன்ஸில் வெள்ளை நூலால், மேலே தெரியும் ஒவ்வொரு தையலும் ஓர் அரிசி மணி நீளம், இடைவெளி அதைவிடச் சற்றுக் குறைவு என்று ஓட்டிப் பாருங்கள்.

வடிவத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். 'என்ன வேண்டும்?' என்று பொதுவாகக் கேட்டால் டைனோசரில் தொடங்கி லாரியில் போய் நிற்கும், தைக்க முடியாது. இலை, மீன், நிலா என மூன்றைக் காகிதத்தில் வெட்டி, ஓட்டைமேல் வைத்துக் காட்டி, ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். தான் தேர்ந்த மீன் இருக்கிற சட்டையைப் பிள்ளை விட்டுக்கொடுக்காது. கறைக்கும் இதே வழி. கித்தாப் பால், வாழைக்கறை, துருக்கறை எல்லாவற்றின் மேலும் ஓர் இலை உட்காரும். ஒற்றை இலையாக இருந்தால் மறைத்தது தெரியும்; கறைமேல் ஒன்று, தள்ளி இரண்டு என்று மூன்று இலை வைத்தால் அது வேலைப்பாடு.

வெளியே வைக்கும் பருத்தி ஒட்டுக்கு ஓரத்தை 6 மில்லிமீட்டர் உள்ளே மடித்து, இஸ்திரி போட்டு, பிறகு கம்பளித் தையல். ஊசி கீழே இறங்கி, ஓரத்தில் நூலின் வளையத்துக்குள் வெளியே வர வேண்டும். தையல்களுக்கு நடுவே 4 மில்லிமீட்டருக்கு மேல் விட்டால் பிள்ளையின் விரல் அங்கேதான் நோண்டும்.

டீ சட்டை வேறு சாதி. அது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணிக்குப் பிடிமானம் போய் ஏணி மாதிரி இறங்கும். வயிற்றுப் பக்கத்தில் சிலுவார் பொத்தானும் மேசை விளிம்பும் உரசி விழும் பொடி ஓட்டைகளை, மிளகு அளவில் இருக்கும்போதே பிடியுங்கள்: மெல்லிய நூலால் சுற்றியுள்ள கண்ணிகள் ஒவ்வொன்றையும் கோத்து, வட்டமாக வந்து, மெதுவாகச் சேர்த்து முடியுங்கள். கொஞ்சம் இழுத்தாலும் கொப்புளம் போல் எழும்பி நிற்கும். ஊசி மெல்லியதாக, முனை உருண்டையாக இருக்கட்டும். கூர்முனை கண்ணியைக் குத்தி அறுக்கும்.

பெரிய ஓட்டைக்கு, பின்னிய துணியின் ஒரு நல்ல குணம் கைகொடுக்கிறது. வெட்டினாலும் அதன் ஓரம் நெய்த துணி போல நூல் நூலாகப் பிரியாது. இன்னொரு பழைய டீ சட்டையிலிருந்து பளிச்சென்ற நிறத்தில் ஒரு துண்டு எடுத்து உள்ளே வையுங்கள். நீளும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். வெளியே ஓட்டையைச் சுற்றி ஒரு நட்சத்திரம் வரைந்து, கோட்டின் மேலேயே இரண்டு அடுக்கையும் சேர்த்துத் தையுங்கள். பிறகு நட்சத்திரத்தின் உள்ளே மேல் துணியை மட்டும், தையலுக்கு 4 மில்லிமீட்டர் விட்டு, சிறு கத்தரியால் வெட்டி எடுத்தால், ஓட்டை போய்விடும். ஜன்னல் திறந்தது போல் உள்ளே இருக்கும் மஞ்சள் நட்சத்திரமாகத் தெரியும். தைக்கும்போது நேர் ஓட்டுத் தையலை இறுக்கிப் போட்டால், தலை வழியே சட்டை மாட்டும் முதல் நாளே நூல் அறுந்துவிடும். பெருக்கல் குறி மாதிரி ஒன்றையொன்று குறுக்கிடும் தையல் துணியோடு சேர்ந்து நீளும்.

காலுறைக் குதிகாலுக்கும் முழங்கைக்கும் இழையோட்டித்தான் நெய்ய வேண்டும். அடியில் தாங்க ஒரு வளைந்த கருவி தேவை. அரைச் சிரட்டையைவிட நல்லது எதுவும் இல்லை. நார் முழுவதையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையில் உருட்டினால் எங்கும் சிக்காத வழவழப்புக்குக் கொண்டுவந்து, காலுறைக்குள் விட்டு, துணியை மேலே விரித்து ரப்பர் வளையத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நல்ல துணியில் தொடங்கி, நெடுக்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நூல்களை ஓட்டி முடிக்க வேண்டும். அப்புறம் குறுக்கே: ஒரு நூலுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ். திரும்பி வரும்போது மேல் போனது கீழாகவும் கீழ் போனது மேலாகவும் மாறட்டும். பாய் பின்னுவது இதேதான். ஊசியின் காதுப்பக்கத்தை முன்னால் விட்டால் நூல் குத்துப்படாது. முடிச்சு மட்டும் கூடாது. குதிகாலின் கீழே ஒரு முடிச்சு, செருப்பில் ஏறிய கல் மாதிரி.

வெள்ளைச் சட்டையின் காலர்

வெள்ளைச் சட்டையின் காலர் கழுத்தில் மடங்கும் கோட்டில்தான் முதலில் இழை தெரியும். மற்ற பாகமெல்லாம் ஒரு வருடம் தாங்கும் நிலையில் இருக்கும். காலரும் அதைத் தாங்கும் கழுத்துப் பட்டியும் தனித்தனியாக உள்ள சட்டை என்றால், காலரைத் திருப்பிப் போடலாம். பழைய தையல்காரர்களுக்கு இது அன்றாட வேலை. இன்று கேட்பாரில்லாமல் போய்விட்டது.

பிரிப்பதற்கு முன்பே காலரை இரண்டாக மடித்து நடுவில் ஒரு சிவப்பு நூலால் குறி. பட்டியின் நடுவிலும் அப்படியே ஒன்று. காலர் பட்டியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே செருகியிருக்கும். அந்த ஒரு தையலை மட்டும் பிரித்து, காலரை வெளியே எடுத்து, நூல் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு, இஸ்திரி போடுங்கள். நைந்த கோட்டின்மேல் வெள்ளை நூலால் நெருக்கமாக நாலைந்து வரிசை ஓட்டுங்கள். இனி அந்தப் பக்கம் கீழே போகப்போகிறது, ஆனாலும் பலம் வேண்டும். காலரைக் கவிழ்த்து, குறியோடு குறி சேர்த்து, நடுவிலிருந்து இரு முனைக்கும் குண்டூசி குத்தி, கச்சாத் தையல் போட்டு, பழைய தையல் கோட்டின்மேலேயே மெஷினை ஓட்டுங்கள். நடுக்குறி அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் பொத்தான் போட்டதும் ஒரு காலர் நுனி நீளமாகவும் மற்றது குட்டையாகவும் நிற்கும்.

ஒரு தொல்லை வரும். காலரின் அடித்துணியைக் கொஞ்சம் சிறியதாக வெட்டுவது வழக்கம். நுனி கீழ்நோக்கி வளைந்து உட்காருவதற்காக. திருப்பிப் போட்டதும் அதே காரணத்தால் நுனி மேல்நோக்கித் தூக்கும். ஈரத்துணி வைத்து, கீழ்நோக்கி வளைத்துப் பிடித்தபடியே இஸ்திரி போட்டால் பெருமளவு அடங்கும்.

பொத்தான் துணியோடு பிய்ந்து வந்திருந்தால், சட்டையின் கீழ் மடிப்பிலிருந்து 2 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி உள்ளே வைத்து, அதையும் சேர்த்துப் பொத்தானைத் தையுங்கள். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே தீக்குச்சி செருகித் தைத்து, குச்சியை உருவிவிட்டு, மிச்ச நூலை அடியில் நாலு சுற்று சுற்றினால் காஜா மாட்ட இடம் கிடைக்கும்.

வளர்கிற பிள்ளைக்கு

ஆரம்பப்பள்ளி வயதில் பிள்ளை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். அதில் ஏறக்குறைய பாதி காலில். ஆகவே துணி கிழிவதற்கு முன்பே குட்டையாகிவிடுகிறது. இதற்கான விடையை நம் பட்டுப்பாவாடை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கரைக்கு மேலே வைக்கும் குறுக்கு மடிப்பு, வருடத்துக்கு ஒன்றாகப் பிரிப்பதற்குத்தான். ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மடிப்பு 3 சென்டிமீட்டர் துணியை விழுங்கும். இரண்டு மடிப்பு வைத்தால் 6. ஏறக்குறைய இரண்டு தீபாவளிக்குப் போதும். ஜாக்கெட்டின் பக்கத் தையலுக்கு உள்ளே வரிசையாக இரண்டு மூன்று தையல் போட்டு வைப்பதும் அதே அறிவுதான். அரை சென்டிமீட்டர் தள்ளிப் போட்ட ஒரு தையலை இரு பக்கமும் பிரித்தால் சுற்றளவில் 2 சென்டிமீட்டர் கிடைக்கும். பட்டில் மடிப்பை வருடக்கணக்கில் இஸ்திரி வைத்து அழுத்தி விடாதீர்கள். ஜரிகை அந்தக் கோட்டில் முறியும்.

பினாஃபோரிலும் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாப் பள்ளிக் கவுன்) சிலுவாரிலும் கீழ் மடிப்பை இறக்கலாம். இறக்கியதும் பழைய மடிப்புக் கோடு வெளிறித் தெரியும். வெறும் சுருக்கம் என்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவி இஸ்திரி போட்டால் தணியும். முதலில் உள்ளே ஓர் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். சாயமே தேய்ந்திருந்தால் எதுவும் செய்யாது. வீட்டுக் கவுன் என்றால் அந்தக் கோட்டின்மேல் பழைய சேலையின் சின்னக் கரையைத் தைத்துவிடலாம்.

எலாஸ்டிக் செத்துப்போன சிலுவாரைத் தூக்கிப் போடுவதுதான் மனசுக்குப் பொறுக்காத வீண். இடுப்பு 55 சென்டிமீட்டர் என்றால் எலாஸ்டிக் 50 போதும். முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க 2 கூட்டி 52 வெட்டுங்கள். பழையதன் ஒரு முனையைத் துண்டித்து, புதியதை ஊக்கால் அதோடு மாட்டி, மறுமுனையை இழுத்தால் பழையது வெளியே வரும்போதே புதியது உள்ளே போய்விடும். முனைகளை மேலே மேலே வைத்துத் தட்டையாகத் தையுங்கள். முடிச்சுப் போட்டால் பிள்ளையின் முதுகில் குத்தும். இரு பக்கத் தையலிலும் பட்டியோடு சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டால் எலாஸ்டிக் உள்ளே புரளாது.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் துணியில் அலங்காரப் பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். பிய்ந்து வாய்க்குப் போகும். கழுத்தில் நாடா வைத்த துணி வந்தால் நாடாவை உருவி எடுத்துவிடுங்கள். ஊஞ்சலிலோ கதவிலோ மாட்டிக்கொள்ளும். ஒட்டின் பின்பக்கம் தையல் தடித்துப்போயிருந்தால் கைலித் துண்டு ஒன்றை மேலே வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் பிஞ்சுத் தோல் சிவந்துபோகும்.

தைத்தும் பயனில்லாத துணியும் உண்டு. இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தால் எங்கு பிடித்தாலும் கிழிகிறது என்றால் அது முடிந்த கதை. மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்து வைத்துப் பூஞ்சை பிடித்த பருத்தி இப்படித்தான் ஆகும். ஒட்டுப் போட அதில் நல்ல இடமே இருக்காது. அப்போதும் பொத்தானை வெட்டி நூலில் கோத்துக்கொள்ளுங்கள், ஜிப்பைப் பிரித்தெடுங்கள், தேயாத முதுகுப் பகுதியை 15 சென்டிமீட்டர் சதுரங்களாக, நெடுக்கு இழையை அம்புக்குறியிட்டு வெட்டுங்கள். எல்லாவற்றையும் வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடி, மூடிமேல் பருத்தி, பாலியெஸ்டர், பின்னியது என்று எழுதி வையுங்கள்.